பேச்சி சிஸ்டரின் வியாழக்கிழமைகள்

தாராவியில் என் கிளினிக்கில் காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆண்டாப் ஹில்லிலிருந்து பேச்சியம்மாளின் மகள் அழைத்தாள். "அங்கிள், மம்மி போயிட்டாங்க. பேஷண்ட் லோகுக்கெல்லாம் நீங்களே சொல்லிடுறீங்களா? மம்மி ஃபோன்ல பேரெல்லாம் தமிழ்ல இருக்கு, எனக்குப் படிக்க வராது." கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. யாருக்குச் சொல்வது என்று யோசித்தேன். அந்தப் பெயர்களில் பலர் அவருக்கு முன்பே போய்விட்டார்கள்.

பதினாறு வருடம் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் நர்ஸ், நான் டாக்டர். ஒருமுறை, இதயத்தில் செயற்கை வால்வு வைத்த ஒரு தோல் பட்டறைத் தொழிலாளி ஈறில் ரத்தத்தோடு வந்தார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அளவு கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும் குழாயை அடைக்கும். அதனால் அடிக்கடி ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அவர் எட்டு மாதமாகப் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூளையில் ரத்தம் கசிந்து மறுநாள் இறந்தார். "ஒரு நாள் கூலி போயிரும்னுதான் டாக்டர் அவிய டெஸ்டுக்குப் போகல. விரல்ல குத்திப் பாக்குற மிஷின் இருக்காமே, நாம வாங்குனா என்ன?" என்றார் பேச்சி சிஸ்டர். ஒரு அறக்கட்டளையிடம் கேட்டு வாங்கினோம். வியாழக்கிழமை காலைகள் அவருடையவை ஆயின.

உங்களில் சிலர் எங்கள் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். அவர் குரல் தெருவரைக்கும் கேட்கும். "மறந்துட்டேன்னு மறுநா ரெண்டு மாத்திரையாப் போட்டுறாதிய!" வராதவர்களை ஃபோனில் பிடிப்பார். மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கித் தின்ற ஒரு அம்மாவுக்கு வயிற்றில் ரத்தம் கசிந்தபோது, அந்த மருந்துக்கடைக்கே போய், இவர்களுக்கு வலி மாத்திரை கொடுக்கக் கூடாது என்று எங்கள் நோயாளிகளின் பெயர்களைக் கடைக்காரர் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டிவிட்டு வந்தார்.

நான்காம் வருடம் அறக்கட்டளையிலிருந்து இருவர் வந்தார்கள். ஒரு ஆளுக்கு ஆகும் செலவு அதிகம், இதே பணத்தில் கண் முகாம் நடத்தினால் எத்தனையோ பேருக்குப் பயன்படும் என்றார்கள். நான் தயாரித்த அறிக்கையில் மிஷினில் வைக்கும் பரிசோதனைப் பட்டைகளின் விலை இருந்தது, சிஸ்டரின் சம்பளம் இருந்தது. பக்கவாதம் வராமல் போனவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நிரூபிக்க முடியாததை எழுதக் கூடாது என்று விட்டுவிட்டேன். பேச்சி சிஸ்டர் தன் ஹிந்தியில் அவர்களிடம் எவ்வளவோ சொன்னார். வீட்டில் ஒருவர் விழுந்தால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விட வேண்டும், பிள்ளையின் படிப்பு நிற்கும், அதெல்லாம் செலவில்லையா என்று கேட்டார். அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் பணத்தை நிறுத்திவிட்டார்கள்.

அன்று என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "நடக்காமப் போனத எந்தக் கட்டத்துல எழுதணும்னு உங்களுக்கும் தெரியலியா டாக்டர்?"

பட்டை இல்லாமல் மிஷின் எதற்கு? அவர் ஃபோன் செய்வதை மட்டும் விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சிலர் போனார்கள். பலர் மாத்திரை எடுப்பதையே நிறுத்தினார்கள். காய்கறி விற்ற செல்வராஜுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து பேச்சும் போனது. சிஸ்டர் பார்க்கப் போனார். திரும்பி வந்து மேஜைக்கு எதிரே நின்றபடியே சொன்னார்: "ஏன்க்கா நிப்பாட்டுனீங்கன்னு அவன் பொண்டாட்டி கேட்டா. நான் தரையப் பாத்துட்டு வந்துட்டேன்." நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

சிஸ்டரை வழியனுப்ப செம்பூர் மயானத்தில் கூட்டம் அதிகமில்லை. செல்வராஜின் மனைவி வந்திருந்தார்.

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. விரலில் குத்துவதற்கு முன் நோயாளியின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடேறும்வரை பிடித்திருப்பார். கை சில்லென்றிருந்தால் ரத்தம் வராது என்பார். போன வாரம் அந்த மாத்திரை சாப்பிடும் முதியவர் ஒருவர் வந்தார். என்னையறியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு விட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் போக மாட்டார்.