கடலுக்கு முதுகு காட்டியவர்

ஆபீஸ் வேலையாகச் சென்னை போயிருந்தேன். விடியற்காலையில் மெரினாவில் சூரியன் வருவதைப் படம் பிடிக்க ஃபோனை நீட்டினால், குறுக்கே ஒருவர் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறார். அந்தப் புழுக்கத்திலும் ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா. எங்கள் குன்னூர்ப் பக்கத்து ஆள்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றேன், எரிச்சலோடு.

தள்ளிப் போனார். குனிந்து அலையில் கையை நனைத்து, மணலில் தெளித்தார். திரும்பத் திரும்ப அதையே செய்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“ஜெகதளாவுல நமக்குத் தேயிலைத் தோட்டமுங்க. உறைபனி விழுந்தா, வெயில் படறதுக்குள்ள செடிக்குத் தண்ணி தெளிச்சு பனியைக் கரைச்சுருவோம். இல்லீனா கொழுந்து கருகிப் போயிருமுங்க. விடியற நேரத்துல கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

பிறகு நான் கேட்காமலே சொன்னார். இங்கே ஆஸ்பத்திரியில் மகளுக்கு மெஷினில்தான் மூச்சு ஓடுகிறது. அதை எடுத்துவிடலாமா வேண்டாமா என்று, விடிந்ததும் அவர்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

“இன்னைக்கு ஒரு நா இந்த வெயில் வராம இருந்தாத் தேவலைங்க.”

சுற்றிலும் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். சூரியன் வந்துவிட்டது. நீட்டிய ஃபோனில் படம் எடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் ரோட்டை நோக்கி நடந்தார்.

டாக்டரிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. படம் மட்டும் இன்னும் ஃபோனில் இருக்கிறது. அதில் அவர் இல்லை. தள்ளி நிற்கச் சொன்னவன் நான்தானே.