மூன்று மாடி உயரக் கூடத்தின் இசை

நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை நோயால் பர்வதத்துக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. தாராபுரத்துப் பெண். அமெரிக்காவில், குபெர்டினோ என்ற ஊரில் தானே கார் ஓட்டி எல்லா வேலையையும் பார்த்து வந்தவர். பார்வை போனபின் அப்பார்ட்மென்ட் சோபாவை விட்டு எழவே இல்லை. கோல் பிடித்து நடக்கச் சொல்லித்தர வந்த பெண்ணையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

கணவர் கிட்டுசாமி, கட்டடங்களுக்கு ஸ்பீக்கர் அமைத்துத் தரும் எஞ்சினியர். 1996இல் பக்கத்து ஊரான சான் ஹோசேயில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி புது அலுவலகம் கட்டியது. அதன் முன்கூடம் மூன்று மாடி உயரம்; அங்கே ஸ்பீக்கர் வைக்கும் வேலை கிட்டுசாமிக்குக் கிடைத்தது. அந்தக் கூடத்துக்கென்றே இசையமைக்க ஜப்பானிலிருந்து மிசாவோ என்ற பெண்மணி வந்திருந்தார். ஏசியின் இரைச்சலையும் தரையில் காலடி விழும் ஓசையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு மூலைக்கும் ஓர் ஒலியை அமைத்தார். கச்சேரி போல உட்கார்ந்து ரசிப்பதற்கான இசையல்ல அது. வந்து போகிறவர்களோடு உறுத்தாமல் கூடவே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, மனைவியைத் தனியே விட மனமில்லாமல் கிட்டுசாமி அங்கே கூட்டிப்போனார். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஏணியில் ஏறினார். ஸ்பீக்கரைத் திருப்பிவிட்டுக் கீழே பார்த்தால், பர்வதம் எழுந்து நடந்துகொண்டிருந்தார்.

“ஏய், நில்லு! விழுந்துருவே!”

“சத்தம் போடாதீங்க. எனக்குக் கேக்க மாட்டேங்குது.”

பதறி இறங்கியவரின் கையை, அங்கே ஒலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மிசாவோ பிடித்து நிறுத்தினார். பர்வதம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இந்தப் பக்கம் தண்ணி சொட்டறாப்ல இருக்குது. அந்தப் பக்கம் மணி. உள்ள வர்றப்பவும் அதுதான் கேட்டுச்சு. ஏனுங்க, மணி கேக்கற பக்கந்தான வாசல்?”

“ஆமா” என்றார் கிட்டுசாமி.

பர்வதம் மெல்ல நடந்துபோய் வாசல் கண்ணாடியைத் தொட்டார். அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

அடுத்த வாரம், “அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க” என்று அவரே சொன்னார். கோல் பிடித்து நடக்கக் கற்றார். பஸ் ஏறப் பழகினார். ஒரு டாக்டரின் கிளினிக்கில் போன் எடுக்கும் வேலையிலும் சேர்ந்தார்.

2001இல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. கூடத்தின் இசையைக் கிட்டுசாமியே போய் நிறுத்த வேண்டியிருந்தது. வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் சொன்னபோது, பர்வதம் மிசாவோவைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

“அந்தம்மாவுக்குத் தெரியுமுங்களா?”

“போன் பண்ணிச் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“நீ எப்படி இருக்கேன்னுதான் கேட்டாங்க. வேலைக்குப் போறாள்னு சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. லைன் கட் ஆயிருச்சோன்னு நெனச்சேன்.”

பர்வதம் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.