நான்கும் ஒரே சூடு

இறக்கத்தின் அடியில் காரை நிறுத்தியதும் பிரேக் வடிவமைப்பாளர் எனாக் டில்ஸ்லி இறங்கி ஒரு சுற்று வருவார். நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்மிலும் வெறும் உள்ளங்கையை வைத்து எடுப்பார். நான்கும் ஒரே சூடாக இருந்தால், "ம்." ஒன்று மட்டும் கொதித்தால், "இவன் ஒருத்தன் உழைக்கிறான், மத்த மூணு பேரும் வேடிக்கை பார்க்கிறானுங்க" என்று முணுமுணுத்தபடி மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துச் சேறு முழுவதும் அவருடைய கோட்டின் முதுகில்தான்.

வீட்டில் மனைவி ஹெஸ்டர் கொப்புளங்களுக்குப் பன்றிக்கொழுப்பு தடவுவாள். "ஏங்க, சூடு பார்க்கக் கருவி வாங்கிக் குடுக்க உங்க முதலாளிக்கு வக்கில்லையா?"

"கருவி சூட்டைத்தான் சொல்லும். கோவத்தைச் சொல்லாது."

முதலாளி லாப்வொர்த்தின் கார் தொழிற்சாலையில் இஞ்சின் வரைகிறவர்களுக்குத்தான் மரியாதை. "ஓட வைக்கப் பதினோரு பேர். நிக்க வைக்க நான் ஒருத்தன்" என்பார் எனாக். குறையாகச் சொல்லமாட்டார். கார் செய்கிறவர் வேலைக்கு வருவதென்னவோ டிராமில்தான்.

முன்சக்கரங்களுக்கும் பிரேக் வைப்பது இப்போதுதான் வந்திருக்கிறது. ஒரு பக்கம் முந்திப் பிடித்தால் வண்டி பம்பரமாகச் சுழலும். அதற்காக அவர் தராசுக்கோல் போன்ற ஒரு சட்டத்தை நடுவில் பொருத்தி, பிரேக் மிதியின் இழுப்பு, சக்கரங்களுக்குப் போகும் நான்கு கம்பிகளுக்கும் சரிசமமாகப் போகும்படி செய்தார். வண்டி நூல் பிடித்தாற்போல் நின்றது.

போன மார்ச்சில் ஒரு கம்பி அறுந்தது. சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட, மற்ற மூன்று கம்பிகளும் தொய்ந்துபோயின. சோதனை ஓட்டுநர் பெர்சி ஃபோல்க்ஸ் சுவரில் போய் மோதினார். அவருடைய வலது முழங்கால் இனி மடங்காது.

அதன்பின் ஞாயிறுதோறும் எனாக் பெர்சியின் வீட்டுக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் பெர்சிக்குப் பொறுக்கவில்லை. "யோவ், எழவு வீட்டுக்கு வர்ற மாதிரி வராதேய்யா. சீட்டாவது ஆடு."

ஜூலையில் எனாக் சட்டத்தின் இரு பக்கமும் விரல் தடிமனில் இரும்புத் தடுப்புகள் வைத்தார். ஒரு கம்பி அறுந்தாலும் சட்டம் தடுப்பில் முட்டி நின்றுவிடும், மீதி மூன்றும் பிடிக்கும்.

லாப்வொர்த் முகம் சுளித்தார். "கார் கண்காட்சிக்கு இன்னும் ஒம்பது நாள், டில்ஸ்லி. இப்பப் போய் எல்லா வண்டியையும் பிரிக்கச் சொல்றியா? கம்பி என்ன தினமுமா அறுந்துபோகுது?"

மறுநாள் காலை எனாக், தடுப்பு பொருத்திய ஒரு வண்டியில் முதலாளியை அந்த இறக்கத்தின் உச்சிக்கு அழைத்துப்போனார். வேடிக்கை பார்க்கப் பெர்சியும் ஊன்றுகோலோடு வந்திருந்தார். எனாக் குனிந்து, இடது முன்சக்கரத்தின் கம்பியை அவர்கள் கண்ணெதிரே வெட்டினார்.

"உட்காருங்க ஐயா, போவோம்."

லாப்வொர்த் கடிகாரத்தைப் பார்த்தார்.

பெர்சி ஊன்றுகோலைப் பின் இருக்கையில் எறிந்துவிட்டு, விறைத்த காலைக் கைகளால் தூக்கி உள்ளே வைத்து, எனாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னய்யா முழிக்கிறே? விடு வண்டியை."

பாதி இறக்கத்தில் நாற்பது மைல் வேகம். எனாக் மிதித்தார். வண்டி வலப்பக்கம் லேசாக முகம் திருப்பி, கீழே இருந்த கேட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் நின்றது.

"வைய்யா தடுப்பை! எல்லா வண்டியிலயும் வை!" மேலிருந்து தொப்பியை ஆட்டிக் கத்தினார் லாப்வொர்த்.

எனாக் திரும்பிப் பார்க்கவில்லை. இஞ்சின் அணைந்து வெகுநேரமாகியும் ஸ்டியரிங்கை விடவில்லை. பெர்சி சாய்ந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.