எர்மெஸ் வராத மதியம்

எர்மெஸ் பென்சோ பிழைப்புக்குப் பயணிகள் படகில் கயிறு பிடித்தவன். ஒவ்வொரு துறையிலும் படகு ஒட்டும்போது கயிற்றை வீசித் தூணில் சுற்றி இறுக்குவது, ஆட்கள் இறங்கி ஏறியதும் அவிழ்ப்பது, அடுத்த துறையில் மறுபடி சுற்றுவது. ஓய்வு பெறும் வரை அதுதான் வேலை. ஆனால் வெனிஸில் அவனைத் தெரிந்தவர்கள் யாரும் அவனைப் படகுக்காரன் என்று சொல்ல மாட்டார்கள். ஓட்டக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

எங்கள் மன்றம் வருஷா வருஷம் நவம்பரில் வரைபட ஓட்டம் நடத்தும். ஆட்களைச் சற்று இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவோம். புறப்படும் நொடியில்தான் வரைபடம் கைக்கு வரும். நகரத்தின் சந்துகளிலும் பாலங்களிலும் மறைத்து வைத்த ஆரஞ்சு வெள்ளைக் கொடிகளை, எண் வரிசைப்படி தேடித் தொட்டுவிட்டு ஓடி வர வேண்டும். விரலில் மாட்டிய மின்னணுச் சில்லைக் கொடிக்குக் கீழே இருக்கும் பெட்டியில் வைத்தால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். வந்ததற்கு அதுதான் சாட்சி. எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு.

எர்மெஸ் பட்டாளத்தில் இருந்தபோது மலையில் வரைபடம் பார்க்கக் கற்றவன். ஊர் திரும்பியதும், மலையெல்லாம் குழந்தை விளையாட்டு, நம் ஊர்ச் சந்துகளில் ஓடிப் பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். சொன்னபடியே ஜெயிக்கவும் செய்தான். வடக்கு நாடுகளிலிருந்து காட்டில் ஓடிப் பழகியவர்கள் வருவார்கள். நல்ல உயரம், நல்ல கால்கள். முட்டுச் சந்துக்குள் புகுந்து கால்வாயைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். இவன் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டு, வெங்காயமும் வினிகரும் போட்ட மத்தி மீனைத் தின்றபடி முடிவுக் கோட்டில் நின்று, "என்ன கிழவா, நீந்திட்டா வந்த?" என்று கேட்பான். எங்கள் ஊரில் இருபது வயதுப் பையனையும் கிழவா என்றுதான் கூப்பிடுவோம்.

மன்றத்துக்கான வரைபடத்தைத் திருத்துவதும் அவன்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் பென்சிலோடு சந்து சந்தாக நடந்து, எங்கே கதவு அடைத்தார்கள், எங்கே புதிதாகக் கம்பி வைத்தார்கள் என்று குறித்து வருவான். அதை வைத்து ஓட்டப் பாதையை அமைப்பது என் வேலை. என் பெயர் ஆல்பா.

ஏறிவரும் கடலை மறிக்க, காயலின் வாயில்களில் தடுப்புக் கதவுகள் வருவதற்கு முந்தைய ஒரு வருஷம். அந்த வசந்தத்தில் அவன் கொடுத்த வரைபடத்தில், காஸ்தெல்லோ வட்டாரத்தில் ஒரு சிறு கால்வாயின் குறுக்கே ஒரு பாலம் இருந்தது. அங்கே பாலம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. போய்ப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஜன்னல் இல்லாத செங்கல் சுவர், அந்தப் பக்கமும் சுவர், நடுவே பச்சைத் தண்ணீர். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பிறந்ததிலிருந்து அங்கே பாலம் கிடையாது என்றார்.

சாயங்காலம் மதுக்கடையில் அவனிடம் சொன்னேன். சிரித்தான். "யாரோ திருடிட்டுப் போயிட்டாங்க போல. போலீஸ்ல சொல்லு" என்றான். மறுநாள் தானே போய்ப் பார்த்திருக்கிறான். திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தவன், கோப்பையைத் தொடவில்லை.  அழிப்பானை என்னிடமிருந்து வாங்கி அந்தப் பாலத்தை அவனே அழித்தான். அழித்த இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான், தாள் கிழியும்வரை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கோடையில் ஒரு நாள் படகில் தன் துறையில் இறங்காமல் கடைசித் துறை வரை போய், அங்கிருந்து மறுபடி இந்தக் கோடி வரை வந்து, அப்படியே உட்கார்ந்திருந்தான். பழைய சகா ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அவன் மனைவி நிவேஸ் இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. ரொட்டி வாங்க அனுப்பினால் இப்போதெல்லாம் ஜன்னலில் நின்று, அவன் திரும்பும் மூலையையே பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். மருத்துவரைப் பார்க்க நாள் கேட்டதற்கு நவம்பர் கடைசியில்தான் கொடுத்திருந்தார்கள்.

மன்றத் தலைவர் குவெரீனோ நல்ல மனிதர். அந்த வருஷம் ஓட வேண்டாம், பதிவு மேசையில் உதவியாக இரு என்று எர்மெஸிடம் பக்குவமாகத்தான் சொன்னார். எர்மெஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"மேசைக்குப் பின்னாடி உக்காரவா? செத்தப்புறம் என்னைப் படுக்கவே வைப்பீங்க. அதுவரைக்கும் ஓடுறேன்."

நானும் குவெரீனோவும் நிவேஸைப் பார்த்தோம். ஓடட்டும் என்றாள் அவள். "அதையும் புடுங்கிட்டா அந்தாளுகிட்ட என்ன இருக்கு? என்னைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்." சிரிப்பது போலத்தான் சொன்னாள்.

ஓட்டத்தன்று விடிந்தபோதே எதிர்வீடு தெரியவில்லை. காயலிலிருந்து வந்த மூடுபனி சந்துகளில் அடைத்துக்கொண்டு நின்றது. கடையில் காப்பி குடிக்கும்போது வெள்ள எச்சரிக்கைச் சைரன் ஊதியது. அது ஓய்ந்ததும் நீளமான ஒலி வரும். ஒலி எத்தனை படி உயர்கிறதோ அந்த அளவுக்குத் தண்ணீர் ஏறும் என்று கணக்கு. முந்தின நாள் அறிவித்திருந்ததைவிட ஒரு படி கூடுதலாக ஏறியது. கடைக்காரி மாவு மூட்டைகளை மேல் தட்டுக்குத் தூக்க ஆரம்பித்தாள்.

ஓட்டத்தை நிறுத்திவிடலாமா என்று பேச்சு வந்தது. தண்ணீர் உச்சத்துக்கு வருவது மதியத்துக்கு மேல். அதற்குள் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். தாழ்வான இடங்களில் இருந்த கொடிகளை எடுக்கச் சொல்லிப் பாதையைச் சுருக்கினோம். புறப்பாட்டையும் முன்னுக்குத் தள்ளினோம்.

நிவேஸ் அவன் மார்பில் எண் துணியைக் குத்திவிட்டாள். மன்றத்தின் சிவப்புச் சட்டை. வரைபடம் கைக்கு வந்ததும் பழைய வழக்கப்படி கட்டைவிரலை அதன் மேல் வைத்து, தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்தான். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. பிறகு ஓடினான். முன்னால் போனவர்கள் எல்லோரும் வலப்பக்கம் திரும்பிய இடத்தில் அவன் இடப்பக்கம் திரும்பினான்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் யோசிக்காத வழியில் போய் ஜெயிப்பதுதான் அவன் பாணி. "பாத்தியா, கிழவன் எதையோ கண்டுபிடிச்சுட்டான்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

அவனுக்குப் பின்னால் புறப்பட்டவர்கள் வர ஆரம்பித்தார்கள். பிறகு, அவர்களுக்கும் பின்னால் புறப்பட்டவர்கள். முடிவுக் கோடு இருந்த சதுக்கத்தின் வடிகால் துளைகளிலிருந்து தண்ணீர் மெல்லக் கொப்பளித்து, கல் தரையில் கண்ணாடி போலப் பரவியது. நகராட்சி ஆட்கள் நடைப்பலகைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிவேஸ் ஒரு பலகையின் மேல் ஏறி, அவன் வரவேண்டிய சந்தின் வாயைப் பார்த்தபடி நின்றாள். பனிக்குள்ளிருந்து சிவப்பாக எது வந்தாலும் அவள் கழுத்து நீளும். எல்லாம் வேறு சட்டைகள்.

குவெரீனோ சில்லுகளை வாங்கிக் கணினியில் வைத்தபடியே, "உள்ளூர்க்காரன். அவன் எங்க தொலையப் போறான்" என்றார். யாரைச் சமாதானப்படுத்தினார் என்று தெரியவில்லை.

அப்போது வந்த நார்வேக்காரப் பெண் ஒருத்தி, வடக்குக் கால்வாய்க் கரையில் இருக்கும் கொடி பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட பெரியவர் ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னாள். அவர் ஏதோ கேட்டாராம், மொழி புரியவில்லையாம். வெகுநேரம் கழித்து வந்த ஒரு சுவிஸ்காரரும் அதே ஆளை அதே இடத்தில் பார்த்திருக்கிறார். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது, அவர் நகரவில்லை என்றார்.

"அதே கொடியா?" என்று நிவேஸ் கேட்டாள். அவர் ஆமாம் என்றதும் அவள் பலகையிலிருந்து தண்ணீரில் இறங்கிவிட்டாள். நான் தோளைப் பிடித்தேன். வேறு வழியாக அவன் வந்துவிட்டால் அவள் இங்கே இருக்க வேண்டும் என்றேன். அவன் வேறு வழியாக வரமாட்டான் என்று இருவருக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி பலகையில் ஏறினாள். குவெரீனோ தீயணைப்புப் படகுக்கு போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே, தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நான் கிளம்பினேன்.

பலகைகள் கொஞ்ச தூரம்தான் இருந்தன. அதற்கப்புறம் சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். கடைகளெல்லாம் இரும்புக் கதவை இறக்கியிருந்தன. என் காலடியில் தண்ணீர் சளசளக்கும் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. எத்தனையோ முறை நடந்த சந்துதான். ஆனாலும் அன்றைக்கு அது என்னை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது.

கரைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். கரை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறத் தண்ணீர். கால்வாய்ப் பக்கம் கம்பி கிடையாது. அப்போது பனிக்குள்ளே 'பீப்' என்று கேட்டது. சற்று நேரம் அமைதி. மறுபடி 'பீப்'.

அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவனிடம் போனேன். கொடி கட்டிய விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டு, விரலைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"எர்மெஸ், அப்படியே நில்லு" என்றேன். சத்தமாகச் சொல்லப் பயமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தான். என்னை அடையாளம் தெரிந்தது. "ஆல்பா, இது எந்த ஊரு மேப்பு? மாத்திக் குடுத்துட்டீங்க."

"ஆமா, என் தப்புதான். நீ சுவத்தப் புடிச்சுக்கிட்டு என் பக்கம் வா."

அவன் வரைபடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "நீ தப்பே பண்ண மாட்டியே" என்றான். "எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சு. இல்ல?"

 நான் கையை நீட்டினேன். அவன் வந்தான், ஆனால் என்னை நோக்கி இல்லை. யாரோ வழி சொன்னது போல நிதானமாகப் பக்கவாட்டில் இரண்டடி வைத்தான். மூன்றாவது அடிக்குக் கீழே தரை இல்லை.

தண்ணீர் அவனைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. நான் முட்டி போட்டு ஊர்ந்து கரை விளிம்பைக் கையால் தேடினேன். தலை மேலே வந்தது. என் கைக்கு எட்டவில்லை. நான் கத்தியிருக்க வேண்டும். மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. உள்ளாடையோடு நின்ற ஒரு மனிதர் என்ன ஏது என்று கேட்கவில்லை. உள்ளே போய்ப் படகுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து வீசினார்.

கயிறு எர்மெஸின் தோளில் விழுந்தது. இடுப்பில் சுற்றிக்கொள்ளும்படி நானும் அவரும் கத்தினோம். அவன் சுற்றிக்கொள்ளவில்லை. கால்வாயில் நட்டிருந்த படகுத் தூணுக்கு நீந்திப் போய், கயிற்றை அதில் ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று, குறுக்கே ஒன்று போட்டு இறுக்கினான். ஒரே மூச்சில் முடித்துவிட்டான். பிறகு இறங்க வேண்டியவர்களுக்கு வழி விட்டவன் போலத் தள்ளி மிதந்தான். அந்தக் கயிற்றை மட்டும் அவன் விடவில்லை. தீயணைப்புப் படகு வரும்வரை, மாடிக்காரர் ஒரு முனையை ஜன்னலில் பிடித்திருக்க, அந்தக் கயிறுதான் அவனைத் தாங்கியது. நான் கரையில் தண்ணீருக்குள் உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சிலமுறை பதில் வந்தது. பிறகு வரவில்லை. விரல்கள் மட்டும் கயிற்றில் இருந்தன.

பிழைத்துக்கொண்டான். நுரையீரலில் சளி கட்டிப் பல நாள் மருத்துவமனையில் கிடந்தான். நவம்பர் கடைசியில் பார்க்கவேண்டிய மருத்துவர் படுக்கைக்கே வந்து பார்த்தார். நிவேஸ் நினைத்திருந்த நோயின் பெயரைத்தான் அவரும் சொன்னார். அவன் விரலிலிருந்து கழற்றிய சில்லைக் குவெரீனோவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கணினியில் வைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முடிவுப் பலகையில் அவன் பெயருக்கு எதிரே இருந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார்.

வசந்தத்தில் அவர்கள் காயலுக்கு அப்பால் பெருநிலக் கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில், மூன்றாம் மாடி வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். அங்கே கால்வாய் கிடையாது, தெருவெல்லாம் கார். நிவேஸ் கதவை உள்ளிருந்து பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் போகும்போதெல்லாம் எர்மெஸ் மரியாதையாக எழுந்து நிற்பான். பேச்சுக்கு நடுவே போய்க் கதவின் கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்ப்பான். திறக்காது. திரும்பி வந்து உட்காருவான். கோபப்பட மாட்டான். சற்று நேரம் கழித்து மறுபடி போவான்.

கடைசியாகப் பார்த்தது ஒரு டிசம்பர் மதியம். ஜன்னலுக்கு வெளியே பனி. நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டான். வெனிஸிலிருந்து என்றேன்.

"அங்க தண்ணி ஏறிருச்சா?"

"இன்னும் இல்ல, எர்மெஸ்."

"ஏறும்" என்றான். வெகு நிதானமாக, தெரிந்தவன் சொல்வது போல.

நிவேஸ் மூன்று தட்டுகளை மேசையில் வைத்தாள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவன் தூக்கத்திலேயே போய்விட்டான். கல்லறைத் தீவுக்குப் படகில் கொண்டுபோனோம். சாவி இன்னும் அவள் கழுத்தில்தான் இருந்தது. திரும்பும்போது, நகரத்திலேயே என்னோடு சில நாள் தங்கிப் போகச் சொன்னேன். அவள் பனிக்குள் மங்கலாகத் தெரிந்த சந்துகளைப் பார்த்துவிட்டு, மெஸ்த்ரே பேருந்து கிளம்பும் நிலையத்துக்குப் போகும் படகு எது என்று மட்டும் கேட்டாள்.