மூடியில் எழுதிய பெயர்

கருமருந்து அளந்த விரல் அவ்வளவு சீக்கிரம் சுத்தமாகாது. நக இடுக்கில் கரி நிற்கும். இரண்டு தடவை சோப்பு போட்டாலும் லேசாகப் பட்டாசு வாசனை...

ஹூஸ்டன் பக்கம் குடியேறிய புதிதில் என் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த வாசனையோடுதான் போயின.

கிரீன் கார்டு வந்த சந்தோஷத்தில் மற்றவர்கள் புதுக் கார் வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் சேவியர், நூறு வருஷத்துக்கும் மேல் பழைய ஒரு ரிவால்வர் வாங்கினார். அதற்குரிய தோட்டா கடையில் கிடைப்பது அபூர்வம். கராஜில் உட்கார்ந்து நாமே நிரப்ப வேண்டும். நான் வெற்றுத் தோட்டாக் குப்பிகளில் மருந்தை அளந்து போடுவேன். அவர் ஈயக் குண்டை மேலே வைத்து அழுத்துவார்.

மருந்தில் இரண்டு வகை இருந்தது. பழசுக்குக் கருமருந்து. புது பிஸ்டலுக்குப் புகை வராத மருந்து. அதன் வேகத்தைப் பழைய இரும்பு தாங்காது, கையோடு வெடித்துவிடும். இதை அவர் சொல்லாத வாரமில்லை.

சொல்லி என்ன? அவர் ஆபீஸ் வேலையாக டல்லாஸ் போயிருந்தபோது, கராஜை ஒழுங்கு பண்ணுகிறேன் பேர்வழி என்று இரண்டையும் காலி ஊறுகாய் பாட்டில்களில் கொட்டி வைத்தேன். துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் செய்வதுபோலப் பெயர் எழுதி ஒட்டினேன்... மூடியில்.

வந்தவர் முகம் சுளித்தார்.

"பழைய டப்பா எங்கம்மா?"

"குப்பைல போட்டாச்சு. அதான் லேபிள் இருக்குல்ல?"

அவரும் விட்டுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அவர் காதை மூடும் மஃப் மாட்டி, பழைய ரிவால்வரில் ஐந்து தோட்டா போட்டு நின்றார். நான் பின்னால் பெஞ்சில் எலுமிச்சை சாதத்தைத் திறந்தேன். கை கழுவவில்லையே என்று விரலைப் பார்த்தேன்.

சுத்தமாக இருந்தது. காலையெல்லாம் மருந்து அளந்த விரல்.

மூடி மாறியிருக்கிறது...

அவர் கையை உயர்த்திவிட்டார். பின்னால் போய்த் தொடக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழாது. யார் கத்தினாலும் எல்லாரும் நிறுத்தியாக வேண்டிய வார்த்தை ஒன்றுதான் அங்கே உண்டு. கடையில் பாக்கிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிற நான், "சீஸ்ஃபயர்!" என்று அலறினேன். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். சேவியர் ரிவால்வரை மெல்ல இறக்கி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து ஒரு தோட்டாவைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டினோம். தட்டையாக, பளபளவென்று துணுக்குகள். கருமருந்தே இல்லை. நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"விடும்மா. நானும் குப்பிக்குள்ள எட்டிப் பாக்கலையே" என்றார்.

இப்போது மருந்து அதன் டப்பாவை விட்டு வெளியே வருவதில்லை. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான். வருஷத்துக்கு இரண்டு முறை ரேஞ்சுக்குப் போனால் அதிகம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே நிரப்பிய அந்தக் காலைகள் இல்லையே என்று சில சமயம் இருக்கும்.

இன்று காலை ஸ்கூல் பஸ் வர ஐந்து நிமிஷம் இருந்தது. அவர் எங்கள் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார்.

"டூ டைட், அப்பா."

"ஆடாம நில்லு கண்ணு."

பத்து விரலும் கூந்தலுக்குள் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தன. என் காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.