குழிக்குள் இறங்கிய குழாய்

முதலில் போனது வாய் ருசி. கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனைக்கே அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அப்போது ஏழு மாதம். "மசக்கதான், வேற இன்னா" என்றார் அத்தை, என் கணவரின் அம்மா. மசக்கை மூன்றாம் மாதத்தோடு போய்விட்டதே, திரும்பி வர அது என்ன விருந்தாளியா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த அறிகுறியைச் சொல்ல வெட்கப்படக் கூடாது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், கண் மஞ்சளாகட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கண்ணில் தெரிவதற்குள் காமாலை உடம்புக்குள் பாதி வேலையை முடித்துவிடுகிறது.

நான் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி. பால் அளக்கும்போது பால்காரரின் கட்டைவிரல் படிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன். புளி வாங்கினால் கொட்டையைத் தடவிப் பார்ப்பேன். "உங்கிட்ட வந்து மாட்டிக்கினேன் பாரு" என்று என் கணவர் சவரி சிரிப்பார். ஆனால் நோய் வந்த நாளில் என் சந்தேகத்துக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை.

கண் மஞ்சளானதும் அத்தை கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். சாப்பாட்டில் உப்பை நிறுத்தினார். வில்லியனூர் மாதா கோயில் குளத்துத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து குடிக்கச் சொன்னார். நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை. மாதாவின் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. குளத்தின் மேல்தான்.

அது எழுபதுகளின் பின்பாதி. வில்லியனூரிலிருந்து வயல்களுக்கு நடுவே உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். போர் போட்டு, மேல்நிலைத் தொட்டி கட்டி, வாசலுக்கு வாசல் குழாய் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிக் குடித்தவர்கள் எல்லாரும் அன்றோடு காய்ச்சுவதை விட்டார்கள். பூமிக்கு அடியிலிருந்து வந்து மூடின தொட்டிக்குள் ஏறி இரும்புக் குழாய் வழியாக இறங்குகிற தண்ணீரை யாராவது காய்ச்சுவார்களா?

தொட்டியிலிருந்து எங்கள் தெருதான் கடைசி. குழாய் வாய்வரைக்கும் ஏறிவரத் தண்ணீருக்குத் தெம்பு இல்லை. முதலில் யாரோ ஒருவர் குழாயைக் குட்டையாக அறுத்து, வாசலில் பள்ளம் வெட்டி, அதற்குள் இறக்கி வைத்தார். தண்ணீர் கொட்டியது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட ஆழமாக வெட்டினார். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தண்ணீர். இப்படிப் போட்டி போட்டு, ஒரே வருடத்தில் தெரு முழுவதும் இடுப்பளவு குழிக்குள் நின்று குடம் நிரப்பிக்கொண்டிருந்தது.

எங்கள் வாசல் குழியை வெட்டியவன் என் கொழுந்தன் அந்தோணி. நான் மாசமாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் மண்வெட்டியை எடுத்தான். இறங்க வாகாகப் படிக்கட்டும் வைத்து, வழுக்காமல் இருக்க மேலே கருங்கல் பாவினான். "அண்ணி, நீ இனிமே கொடத்தத் தூக்கினு தெருக்கோடிக்குப் போவாத. உக்காந்த எடத்துல தண்ணி" என்றான். கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஐப்பசி மழையில் குழிகள் நிறைந்தன. தெருச் சாக்கடையும், மாடு கழுவின தண்ணீரும், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்ட தண்ணீரும் அதற்குள்தான் வடிந்தன. குழாயை யாரும் மூடுவதில்லை. திறந்தே கிடந்தால்தான் தண்ணீர் வரும்போது களகளவென்று சத்தம் கேட்கும், ஓடிப்போய்ப் பிடிக்கலாம். குழித் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு, குழாயில் வருகிற நல்ல தண்ணீரைப் பிடித்துக்கொள்வோம். மழை விட்டுச் சில வாரம் கழித்துத் தெருவில் அங்கொருவர் இங்கொருவராகக் காமாலையில் படுத்தார்கள். அதில் கர்ப்பிணி நான் ஒருத்தி.

பத்தியத்தில் உடம்பு கரைந்து, எழுந்து நிற்க முடியாமல் போன பிறகுதான் சவரி என்னைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெண் டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். எனக்கு உயிர் போனது.

"பச்சில குடுத்து நாளக் கடத்திட்டீங்களே" என்று சவரியிடம் சொன்னார். "மத்தவங்களுக்கு இது பெரும்பாலும் தானா எறங்கிடும். மாசமா இருக்கிறவங்களுக்கு வந்தா ரெண்டு உசுரு."

"மருந்து குடுங்கம்மா, எங்க இருந்தாலும் வாங்கியாரேன்."

"இதுக்குன்னு மருந்து கெடையாதுப்பா. ஈரல் தானாத்தான் தேறணும்."

இவ்வளவு பெரிய கட்டடத்தில் இதற்கு மருந்து இல்லை என்றால் நம்புகிற ஆளா நான்? ஏதோ மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். இரத்தம் எடுத்துப் பிலிருபின் (தேறாத ஈரல் இரத்தத்தில் சேரவிடும் மஞ்சள் பொருள்) பார்த்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வைட்டமின் ஊசி (காமாலையில் இரத்தம் உறையாமல் போவதைத் தடுக்க) போட்டார்கள்.

டாக்டர் தினமும் காலையில் வந்து, "உம் பேரு இன்னாம்மா? இன்னைக்கி இன்னா கெழம?" என்று கேட்பார். நேற்றுச் சொன்னதை இன்று மறந்துவிட்டு இவர் என்ன வைத்தியம் பார்க்கப் போகிறார் என்று எரிச்சலாக வந்தது. ஈரல் தோற்றுப்போனால் முதலில் குழம்புவது மூளை, அதைத்தான் சோதித்தார் என்பது பிறகு தெரிந்தது. உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

ஒரு நாள் டாக்டர் கேட்டார். "தண்ணி காய்ச்சித்தான குடிக்கிறீங்க?"

"கெணத்துத் தண்ணின்னா காய்ச்சுவோம் டாக்டர். இப்ப கொழாத் தண்ணி."

அவர் சவரியின் பக்கம் திரும்பி, "எதுக்கும் அந்தத் தண்ணியச் சோதிக்கச் சொல்லுங்க" என்றார். அந்த வாரமே சவரியும் தெருக்காரர் இரண்டு பேரும் போய் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் முறையிட்டார்கள். ஆட்கள் வந்து தொட்டிமேல் ஏறிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். பதில் வந்ததும் சவரி என் கட்டிலருகே வந்து, "தண்ணி நல்லா இருக்குதாம்" என்றார். நான் நம்பவில்லை. நம்பாமல் எங்கே விரலை நீட்டுவது என்பதும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை. என் உள்ளங்கைக்குள் தலை அடங்கியது. அழுகை பூனைக்குட்டி சத்தம்போல வந்து நின்றுவிட்டது. அங்கே நர்சாக இருந்த கன்னியாஸ்திரீ, பங்குச் சாமியாரைக் கூப்பிட நேரமில்லை, நானே ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்தார். சாகப்போகிற உயிருக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வேதத்தில் உண்டு.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது ஜெபம் இல்லை. "எந்தத் தண்ணி சிஸ்டர்?" என்றேன்.

"காய்ச்சி ஆற வெச்சதும்மா. பயப்படாத."

மரியா என்று பெயர் வைத்து மூன்று முறை நெற்றியில் ஊற்றினார். பொழுது சாய்வதற்குள் மரியா போய்விட்டாள். நான் பிழைத்துக்கொண்டேன். பிழைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

வீட்டுக்கு வந்ததும் வேலை செய்யக் கூடாது என்று கட்டளை. வாசற்படியில் உட்கார்ந்து தெருவை வெறிப்பதுதான் வேலை. தொட்டிக்கு மோட்டார் போடும் பெருமாளையே கவனித்தேன். சொன்ன நேரத்துக்குத் திறந்தார், சொன்ன நேரத்துக்கு மூடினார். அவரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாததே எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அப்படி ஒரு காலையில் அத்தை குழியில் நின்று துணி அலசிக்கொண்டிருந்தார். சோப்பு நுரை குழாய் வாயை மூடி நின்றது. பெருமாள் தண்ணீரை நிறுத்தினார். குழாய் ஒருமுறை விக்கியது. பிறகு அந்த நுரை மெல்லத் திரும்பி, குழாய் வாய்க்குள் போயிற்று. குழியில் இருந்த தண்ணீரும் பின்னாலேயே போயிற்று. பார்த்துக்கொண்டே இருந்தேன். தொட்டித் தண்ணீரில் குற்றமில்லை, நிறுத்தும்போதெல்லாம் குழாய்தான் குழி அழுக்கை உள்ளே இழுக்கிறது.

சவரியிடம் சொன்னேன், புரிந்துகொண்டார். தெருவில் சொன்னேன், யாருக்கும் புரியவில்லை, அல்லது புரிய விருப்பமில்லை. "கொழா தண்ணி உடுமா, குடிக்குமா?" என்று சிரித்தார்கள். எங்கள் குழியை மட்டும் தூர்த்துப் பயனில்லை. அடியில் ஓடுகிற குழாய் எல்லாருக்கும் ஒன்று. நாங்கள் தூர்த்தால் தண்ணீர் குறைந்துபோகும், வருகிற கொஞ்சத்திலும் அடுத்தவர் குழி அழுக்கு இருக்கும். எதிர் வீட்டு ராணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவளும் தினமும் அந்தத் தண்ணீரைத்தான் குடம் குடமாக நிரப்பினாள்.

ஒரு மாலை, தண்ணீர் நிற்கும் நேரம் பார்த்து, வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு பொட்டலம் முழுக்க எங்கள் குழியில் கரைத்தேன். குழாய் விக்கிவிட்டு இழுத்தது. மறுநாள் காலை தண்ணீர் திறந்த நேரத்தில் வாசலில் நின்றுகொண்டேன்.

ராணியின் முதல் குடம் நீலமாக நிறைந்தது. அவள் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. அவள் மாமியார், "தண்ணில இன்னாவோ கலந்துட்டா! புள்ளய பறிகொடுத்துட்டு எங்க வூட்டு வயித்துமேல கண்ணு வெச்சுட்டா!" என்று மண்ணை வாரித் தூற்றினார். அந்தோணி மண்வெட்டியோடு வந்து என்னை மறைத்துக்கொண்டு நின்றான்.

"கலந்தது நான்தான். துணி நீலம், வெஷமில்ல" என்றேன். "ஆனா உங்க வூட்டுல கலக்கல. எங்க வாசக் குழில கலந்தேன். நேத்து சாயந்தரம் இருந்தது எங்க குழில, காலைல இருக்குது உங்க கொடத்துல. உங்க குழில இருக்கிறத நாங்க எத்தினி நாளா குடிக்கிறோம், சொல்லுங்க."

ராணி குடத்தையே பார்த்தாள். பிறகு அதைத் தெருவில் கவிழ்த்துவிட்டு, மாமியார் தடுக்கத் தடுக்கத் தன் கையாலேயே மண்ணை அள்ளிக் குழிக்குள் போட ஆரம்பித்தாள்.

அந்த வாரம் தெருக் குழிகள் எல்லாம் மூடப்பட்டன. ஒருவர் மூடுகிறாரா என்று இன்னொருவர் காவல் இருந்து மூடினார்கள். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. தொட்டியடிக் குழாய்க்கு நடந்தோம். ராணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. எனக்கும் பிறகு ஒரு மகன் பிறந்தான்.

எங்கள் குழியைத் தூர்த்தவன் அந்தோணி. தானே பாவின கருங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தான். கடைசிக் கல்லை எடுத்துவிட்டு நிமிராமலே கேட்டான். "அண்ணி, பாப்பாவுக்கு வந்தது நம்ம குழித் தண்ணியாலதானா?"

"எல்லார் குழித் தண்ணியும்தாண்டா எல்லார் வூட்டுக்கும் போச்சு. எதுன்னு யாரால சொல்ல முடியும்?" என்றேன். தெருவிலேயே தாழ்ந்த வாசல் எங்களுடையது, மழைத்தண்ணீர் முதலில் நிறைந்த குழி அது என்பது எனக்குத் தெரியும். எதையும் ஆராயாமல் விடாத நான், அந்த ஒன்றை மட்டும் ஆராயாமல் விட்டேன். அவன் கேட்டது அந்த ஒருமுறைதான்.

உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் சொல்லி வருடங்கள் ஆகின்றன. ஆனால் தாகம் எடுத்த நேரத்தில் தண்ணீர் குடிக்கிற பழக்கம் எனக்குத் திரும்பி வரவே இல்லை. இன்றைய தாகத்துக்கு நேற்றே காய்ச்சி வைக்க வேண்டும், அதனால் எப்போதும் நாளைக்கு எவ்வளவு தாகம் எடுக்கும் என்ற நினைப்பிலேயே நாள் போகிறது. கண்ணாடியில் முகம் பார்ப்பதில்லை, கண்ணின் வெள்ளையைப் பார்க்கிறேன். மழை பிடித்துக்கொண்டால் கை தானாக வலது விலாவுக்குக் கீழே போய் அழுத்திப் பார்க்கிறது. வலி ஒன்றும் இல்லை. இருந்தாலும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது.