நான் துணி எடுக்காத புதன்கிழமை

ஒரு பிள்ளை என்னால் படிப்பை விட்டுப் போகிறானே என்று சோறு இறங்காமல் கிடந்த நாட்களை உங்களிடம் சொல்ல வேண்டும். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகன் எழுதுகிறான்.

இரண்டாம் உலகச் சண்டை ஆரம்பித்த சமயம். மதுரையில் ஒரு கல்லூரியின் பிசிக்ஸ் லேபில் அட்டெண்டராக இருந்தேன். கோச்சடையிலிருந்து வைகைக் கரையோடு நடந்தே வருவேன். பனி நாளில் ஆற்று மணல் பால் மாதிரி மிதக்கும். நான் நடக்கிறேனா, தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. எதையோ சொல்ல வந்தேன். ஆமாம், அருளப்பன்.

எழுமலைப் பக்கத்துப் பையன். லேபில் இரண்டிரண்டு பேராகத்தான் வேலை செய்வார்கள். சாதியைப் பார்த்து இவனோடு யாரும் சேரவில்லை. ஒலிச் சோதனையில் ஒற்றை ஆளாய்க் கம்பியைச் சரி செய்வான், தட்டினால் ஒலிக்கும் இரும்புக் கவையைத் தட்டிவிட்டு ஓடி வருவான், அதற்குள் ஒலி அடங்கிவிடும். அவன் தொட்ட சாமானை எடுக்குமுன் மற்றவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் துணியால் துடைத்துக் கொடுப்பேன். யாரும் உத்தரவு போடவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன்.

ஒரு புதன்கிழமை அவன் என்னிடம் வந்தான்.

“அந்தத் துணியத் தாங்கண்ணே. இன்னைக்கு நானே தொடச்சு வச்சிட்டுப் போறேன்.”

“எங்க தம்பி போற?”

“ஊருக்குத்தான். அடுத்த புதன் நோட்டக் குடுக்க வாரேன். அதோட சரி.”

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் திருவிருந்து. ஒவ்வொருவர் திராட்சரசம் குடித்ததும் போதகர் பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்தார். எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கத்தான் அந்தத் துணி. என் துணி எதற்கு? முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே, என் கையைத் தடுத்துவிடும், அந்தப் பிள்ளை பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தும் என்று அழுதேன். எங்கள் சபைப் பையன்கள் இரண்டு பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் வருவான் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை துணியை வீட்டிலேயே விட்டுப் போனேன்.

துரைச்சாமி என்கிற மாணவன் கேட்டான். “என்னண்ணே, துணிக்குக் காய்ச்சலா?”

“இனிமே தொடைக்க மாட்டேன் தம்பி. வேணும்னா பெரிய புரொபசர்ட்ட சொல்லிக்கங்க.”

சொல்லிவிட்டேன். வேலை போனால் வீட்டில் ஐந்து வயிறு. சபைப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அருளப்பன் நோட்டோடு வாசலில் நின்றான். அவன் பின்னாலேயே ரஹீம் வந்தான், டவுனுக்குள் கடை வைத்திருப்பவர் மகன். வெள்ளிக்கிழமை லேபில் ஜும்ஆ தொழுகை தவறுகிறது என்று கேட்டு, அன்றுதான் புதனுக்கு மாறியிருந்தான்.

“யாருக்குண்ணே ஜோடி இல்ல?”

நான் அருளப்பனைக் காட்டினேன்.

“வா மாப்ள. நீ கம்பியப் பாரு, நான் கவையத் தட்டுறேன்.”

“நான் போறதுக்கு வந்தேன்.”

“போறவன் இதப் பாத்துட்டுப் போ.”

நீளப் பெட்டியின் மேல் இழுத்துக் கட்டிய கம்பி. அதில் மடித்த காகிதத் துண்டு ஒன்றைக் குந்த வைப்பார்கள். கவையின் ஒலியும் கம்பியின் ஒலியும் ஒன்றானால் காகிதம் தானாகத் துள்ளி விழும். ரஹீம் தட்டினான், அருளப்பன் கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தான். ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தது. எங்கோ தூரத்து மணி போல அந்த ரீங்காரம். காகிதம் மெல்ல நடுங்கியது. பிறகு துள்ளி விழுந்தது. அருளப்பன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

துரைச்சாமியின் காகிதம் அசையவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

“எம்புட்டு நீளம்டா வச்ச?”

அருளப்பன் காட்டிக் கொடுத்தான். துரைச்சாமி அவன் கையிலிருந்தே கவையை வாங்கிப் போனான். துடைக்கவில்லை.

எல்லாரும் ஒரே நாளில் மாறவில்லை. இரண்டு பேர் கடைசி வரை மாறவில்லை. ஆனால் பொங்கலுக்குள் சனிக்கிழமைகளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அருளப்பன் பாஸாகி வாத்தியாரானான். லேபில் ஒற்றையாய் நிற்பது யார் என்றுதான் முதலில் பார்ப்பானாம்.

என் வேலையும் போகவில்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம். நம் சபை ஆள் வருவான் என்று பார்த்திருந்தேன். ஆண்டவரோ, தொழுகைக்கு நேரம் கேட்ட பிள்ளையை அனுப்பினார். நீங்களும் கேளுங்கள், அவர் ஆள் அனுப்புவார். கேட்டுவிட்டு, உங்கள் கையில் இருக்கிற துணியைக் கீழே வையுங்கள்.